ஒரு ராத்திரியாவது தங்குங்கள்

கலிஃபோர்னியாவிலிருந்து நீண்ட வார இறுதிகளில் பாலைவனப் பூங்காக்களுக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,



தேங்க்ஸ்கிவிங் நெருங்குகிறது. உங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் இந்நேரம் ஓர் எக்செல் தாள் சுற்றிக்கொண்டிருக்கும். வியாழன் விடிகாலை நான்கு மணிக்கு ஃப்ரீமாண்டில் கிளம்பினால் மதியத்துக்கு மேல் லாஸ் வேகஸ். வெள்ளிக்கிழமை டெத் வேலி போய்த் திரும்பல். சனிக்கிழமை சயான், முடிந்தால் அப்படியே பிரைஸ் கேன்யன். ஞாயிறு ஜோஷுவா ட்ரீயை ஓர் எட்டு பார்த்துவிட்டு, நள்ளிரவானாலும் வீடு. திங்கள் காலை ஒன்பது மணிக்கு மீட்டிங்.

அந்தத் தாளை எனக்கு நன்றாகத் தெரியும். இருபது வருடமாக இங்கே இருக்கிறேன். அதில் ஏழெட்டு வருடம் எங்கள் நண்பர் வட்டத்துக்கு அந்தத் தாளைப் போட்டுக் கொடுத்தவனே நான்தான். தூரத்தைக் கூட்டிப் பாருங்கள். ஏறக்குறைய 1,900 மைல் வரும். சென்னையில் கிளம்பி ரோட்டு வழியே டெல்லிக்குப் போய், திரும்புகிற வழியில் நாக்பூரை நெருங்குகிற தூரம். அதை நான்கு நாளில் ஓட்டி, நடுவே நான்கு தேசியப் பூங்காக்களையும் பார்த்துவிடுவதாகத் திட்டம்.

அந்த நான்கில் மூன்றை வெட்டிவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாகும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

2012-ல் அப்பாவும் அம்மாவும் முதன்முறையாக இங்கே வந்திருந்தார்கள். அப்பா கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் வானம் பார்த்து வெள்ளாமை செய்தவர். கம்பும் உளுந்தும் பருத்தியும் போட்டவர். மழை வராத வருடங்களை விரல்விட்டு எண்ணிச் சொல்வார். அவருக்கு அமெரிக்காவைக் காட்ட வேண்டும் என்று நான் போட்ட திட்டத்தில் ஐந்து நாள், ஐந்து பூங்கா. டெத் வேலியில் பேட்வாட்டர் என்ற இடத்தில் காரை நிறுத்தினேன். "இருபது நிமிஷம்தான்" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டேன்.

மரப்பாதையைத் தாண்டி அப்பா வெள்ளை நிலத்தில் மெதுவாக நடந்தார். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தரை அங்கே கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். வெடிப்பின் ஓரங்களில் உப்பு பொங்கி வரப்பு கட்டியதுபோல நிற்கும். அந்த வரப்பை நகத்தால் கீறி நாக்கில் வைத்துப் பார்த்தார். "உப்புதான்டா. நம்ம தூத்துக்குடி உப்பளத்து உப்பேதான்" என்றார். பிறகு சுற்றிலும் மலையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இங்கே கடல் எங்கடா இருக்கு? கடல் இல்லாம உப்பு எப்படி வந்துச்சு?"

"நேரமாச்சுப்பா. கார்ல போகும்போது சொல்றேன்."

காரில் சொல்லவில்லை. எனக்கே பதில் தெரியாது என்பது ஒரு காரணம். இருட்டுவதற்குள் அடுத்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கணக்கிலேயே மனது ஓடிக்கொண்டிருந்தது என்பது பெரிய காரணம். அப்பா ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். அந்தப் பயணத்தில் அவர் பார்த்ததில் பாதி அந்தக் கண்ணாடி வழியாகத்தான். 2017-ல் அவர் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகுதான் அந்தப் பதிலைத் தேடிப் படித்தேன்.

பேட்வாட்டர் கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கிறது. வட அமெரிக்காவிலேயே மிகத் தாழ்ந்த இடம். சுற்றியிருக்கும் மலைகளில் விழும் மழை அங்கே இறங்கி வரும். வந்த தண்ணீருக்கு வெளியேற வழி கிடையாது. பனியுகத்தில் அந்தப் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு ஓர் ஏரி நின்றது. மேன்லி ஏரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏரி வற்றியபோது, பாறைகளிலிருந்து கரைந்து வந்த உப்பெல்லாம் தரையிலேயே தங்கிவிட்டது. இப்போதும் வருடத்துக்குச் சுமார் இரண்டு அங்குலம் மழை பெய்கிறது. அது கொண்டுவருவதையும் வெயில் காய்ச்சி அங்கேயே விட்டுவிடுகிறது. கடலுக்குப் போக வழியில்லாத தண்ணீர் விட்டுப்போன உப்பு அது. 2023 ஆகஸ்டில் ஹிலரி புயலின் மிச்சம் ஒரே நாளில் ஒரு வருட மழையைக் கொட்டியபோது பழைய ஏரி மறுபடி தலைகாட்டியது. ரோடுகள் அடித்துக்கொண்டு போனதில் பூங்காவை ஏறக்குறைய இரண்டு மாதம் மூடி வைத்திருந்தார்கள்.

இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிஷம். கண்மாய் வற்றி உப்புப் பூத்த தரையைப் பார்த்துப் பழகிய மனுஷனுக்கு ஒரு நிமிஷமே போதும். அந்த ஒரு நிமிஷத்தை என் அட்டவணையில் நான் வைத்திருக்கவில்லை.

இப்போது உங்கள் தாளுக்கு வருகிறேன். லாஸ் வேகஸில் அறை மலிவு, பிள்ளைகளுக்கு நீச்சல்குளம் இருக்கிறது, ராத்திரி தோசை கிடைக்கும். அதனால் அங்கே தங்கிக்கொண்டு டெத் வேலிக்குப் பகலில் போய் வருவதாக எழுதியிருப்பீர்கள். மூன்று குடும்பம் சேர்ந்தால் எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டிய வண்டி பத்து மணிக்குத்தான் கிளம்பும். இரண்டு மணி நேர ஓட்டம். உள்ளே நுழையும்போது உச்சிப்பொழுது. நாலு மணி ஆனதும் யாராவது ஒருவர் "இருட்டுறதுக்குள்ள ஹைவேயைப் பிடிச்சிடணும்" என்று ஆரம்பிப்பார்.

அந்த நான்கு மணி நேரம், பாலைவனத்தில் பார்க்க மிகக் குறைவாக இருக்கும் நேரம். உச்சி வெளிச்சத்தில் குன்று, மணல், உப்பு எல்லாமே ஒரே வெளிறிய நிறம். மேடு எது, பள்ளம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது. "இவ்வளவுதானா? இதுக்கா இவ்வளவு தூரம்?" என்று பிள்ளைகள் கேட்டால் அவர்கள் மேல் தப்பில்லை. அதே பள்ளத்தாக்கில், ஸப்ரிஸ்கி பாயிண்ட் என்ற இடத்தில், விடிவதற்கு அரை மணி முன்னால் போய் நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் வரும். முதல் வெளிச்சம் எதிரே பள்ளத்தாக்குக்கு அப்பால் இருக்கும் பானமின்ட் மலையின் உச்சியில் படும். அங்கே டெலஸ்கோப் சிகரம் 3,368 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் அதன் தலையில் பனி இருக்கும். அந்தப் பனி முதலில் ரோஜா நிறமாகும். பிறகு வெளிச்சம் மலைச்சரிவில் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். கடைசியாக உங்கள் காலடியில் இருக்கிற மண்குன்றுகளுக்கு வரும்போது, ஒவ்வொரு மடிப்பும் ஒரு பக்கம் மஞ்சளும் மறுபக்கம் நிழலுமாகப் பிரிந்து நிற்கும். பழைய ஏரி ஒன்றின் அடிச்சேறுதான் இப்படிக் குன்றாகி, மழையில் அரிபட்டு நிற்கிறது. நடப்பதெல்லாம் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். லாஸ் வேகஸில் தங்கியவர்களுக்கு இது வாய்க்காது. விடிகாலை மூன்று மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிக் கிளம்பினாலொழிய.

ராத்திரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019 குளிர்காலத்தில் அம்மா தனியாக வந்திருந்தார். அந்த முறை ஒரே பூங்கா, இரண்டு ராத்திரி என்று முடிவு செய்தேன். அமாவாசைக்கு மறுநாள். டெத் வேலியின் மெஸ்கீட் மணல்மேட்டுப் பக்கம் கார் நிறுத்துமிடத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, சால்வையைச் சுற்றி, குல்லாவையும் மாட்டி அம்மாவை உட்கார வைத்தோம். வண்டி விளக்கை அணைத்த பிறகு கண் பழகக் கால் மணி நேரம் ஆயிற்று. அம்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கையை நீட்டிச் சொல்லத் தொடங்கினார். "அந்தா கூட்டமா இருக்கே, அது கார்த்திகை. ஆறு இருக்கான்னு எண்ணிப் பாரு. அதுக்குக் கீழே ரோகிணி. இன்னும் கீழே செவப்பா தெரியுதே, அது திருவாதிரை. என் நட்சத்திரம்."

என் மகளுக்கு அப்போது பதினோரு வயது. பாட்டியின் ஜாதகத்தில் இருக்கிற நட்சத்திரம் வானத்திலும் நிஜமாகவே இருக்கிறது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கும் அதில் பாதிதான் தெரிந்திருந்தது. "நம்ம வீட்டுக்கு லைட்டு வந்ததுக்கப்புறம் இத்தனையைப் பாத்ததில்ல" என்றார் அம்மா. இருண்ட வானத்துக்காக 2013-லேயே உயர்ந்த தரச் சான்று பெற்ற இடம் அது. ஜோஷுவா ட்ரீக்கும் 2017-ல் இருண்ட வானத்துக்கான அங்கீகாரம் கிடைத்தது. நம்மில் பெரும்பாலோர் சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு இடத்தையும் விட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

நாம் ஏன் இப்படி ஓடுகிறோம் என்று யோசித்திருக்கிறேன். விடுமுறை குறைவு, டிக்கெட்டும் வாடகையும் விலை அதிகம், வந்ததே வந்தோம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்ற நினைப்பு. இவை எல்லாம் நியாயம்தான். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பாலை என்றாலே ஒன்றுமில்லாத இடம் என்று நம் மனதுக்குள் இருக்கிறது. சிலப்பதிகாரமே பாலையைத் தனி நிலமாகச் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு கெட்டுத் திரிந்தால் அது பாலை. நம் ஊரைப் பொறுத்தவரை அது சரியான கணக்கு. ஆனால் டெத் வேலி இருக்கிற மொஹாவிப் பாலைவனம் வேறொன்று கெட்டுப்போய் உண்டான நிலம் அல்ல. அதற்கென்று தனி மரமும் தனி மீனும் தனி மக்களும் இருக்கிறார்கள்.

ஜோஷுவா மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஓரிரண்டு அங்குலம்தான் வளரும். அதன் பூவில் மகரந்தம் சேர்ப்பது ஒரு சின்ன அந்துப்பூச்சி. மற்றப் பூச்சிகள்போல தேன் குடிக்க வந்த இடத்தில் தற்செயலாக ஒட்டிக்கொண்டு போவதல்ல. மகரந்தத்தை உருண்டையாகத் திரட்டி எடுத்துக்கொண்டு இன்னொரு பூவுக்குப் போய், அங்கே முட்டையிட்டுவிட்டு, மகரந்தத்தைத் தானே சூல்முடியில் தேய்த்து வைக்கும். முட்டையிலிருந்து வரும் புழு காயிலுள்ள விதையில் கொஞ்சத்தைத் தின்னும். மிச்சம் மரத்துக்கு. அந்தப் பூச்சி இல்லாவிட்டால் மரத்துக்கு விதை இல்லை, மரம் இல்லாவிட்டால் பூச்சிக்குப் பிள்ளை இல்லை. டெத் வேலியின் உப்போடைகளில் விரல் நீள மீன்கள் இருக்கின்றன. பழைய ஏரிகளில் இருந்த மீன்களின் வழிவந்தவை. ஏரி வற்ற வற்ற, மிஞ்சிய உப்புத் தண்ணீருக்கே பழகிக்கொண்டவை. வசந்தத்தில் போனால் பார்க்கலாம்.

மக்களையும் சொல்லிவிடுகிறேன். டெத் வேலி என்ற பெயர் 1849 கடைசியில் தங்கம் தேடி வந்து வழிதவறிய கூட்டத்தால் வந்தது. அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்து அங்கே வாழ்பவர்கள் திம்பிஷா ஷொஷோனி மக்கள். அவர்களுக்கு அது சாவுப் பள்ளத்தாக்கு அல்ல, வீடு. ஃபர்னஸ் க்ரீக்கில் அவர்களுடைய ஊர் இன்றைக்கும் இருக்கிறது. 2000-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, பூங்காவுக்கு உள்ளும் புறமுமாக ஏறத்தாழ 7,700 ஏக்கரை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. நீங்கள் காரை நிறுத்திப் பெட்ரோல் போடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அந்த ஊர்.

அந்த மக்களைப் பற்றி ஒரு செய்தி, உங்கள் பயணத்துக்கு நேரடியாக வேண்டியது: அந்தக் காலத்தில் கோடை வந்தால் அவர்கள் பள்ளத்தாக்கின் தரையில் இருக்க மாட்டார்கள். மேலே மலைக்குப் போய்விடுவார்கள். அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

நாம் என்ன செய்கிறோம்? மெமோரியல் டே, ஜூலை நான்கு, லேபர் டே என்று லீவு கிடைக்கிறபோது போகிறோம். கேட்டால் "மதுரை வெயிலையே பாத்தவங்க நாம, இது என்ன?" என்கிறோம். இந்தப் பேச்சுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

2015 ஆகஸ்டில் நியூ மெக்ஸிகோவின் ஒயிட் சேண்ட்ஸில் பிரான்சிலிருந்து வந்த ஒரு தம்பதி ஒன்பது வயது மகனோடு வெள்ளை மணல்மேடுகளில் நடக்கப் போனார்கள். நடைபாதை மொத்தமே எட்டு கிலோமீட்டர் அளவுதான். வெயில் சுமார் 38 டிகிரி. சென்னையில் மே மாதத்தில் நாம் சாதாரணமாகப் பார்க்கிற வெயில். கையில் இரண்டு சின்னத் தண்ணீர் பாட்டில்கள். வழியில் அம்மாவுக்கு முடியாமல் போய்த் திரும்பி நடந்தார். வண்டிக்கு வந்து சேரவில்லை. அப்பாவும் பிழைக்கவில்லை. பையன் பிழைத்தான். பெற்றோர் தாங்கள் குடித்ததைவிட அவனுக்கு அதிகமாகத் தண்ணீர் கொடுத்திருந்தார்கள் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

அந்த 38 டிகிரி நம் ஊர் 38 டிகிரி அல்ல. சென்னையில் வேர்வை சட்டையில் ஒட்டிப் பிசுபிசுக்கும். தாகம் எடுப்பதற்கு முன்பே உடம்பு நம்மை நிழலுக்கு விரட்டும். பாலையின் காற்றில் ஈரமே இல்லை. வேர்வை வரவரக் காய்ந்துவிடும். "வேர்க்கவே இல்லையே, நல்லாத்தானே இருக்கு" என்று பெரியவர்கள் சொல்வார்கள். சட்டையில் வெள்ளையாக உப்புக்கோடு படிந்திருப்பதைப் பார்த்தால்தான் உடம்பிலிருந்து எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். டெத் வேலியில் 1972 ஜூலையில் தரையின் சூடு 94 டிகிரி செல்சியஸ் என்று பதிவாகியிருக்கிறது. கிட்டத்தட்டக் கொதிநீர். நாம் செருப்போடு இறங்குகிறவர்கள். 2024 ஜூலையில் ஒரு வெளிநாட்டுப் பயணி மணல்மேட்டில் செருப்பைத் தொலைத்துவிட்டு, உள்ளங்கால் வெந்துபோய்க் கதறினார். சூட்டில் காற்று லேசாகிவிட்டதால் ஹெலிகாப்டர் பக்கத்தில் இறங்க முடியவில்லை. ரோட்டு வழியாக மேட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஏற்றினார்கள்.

பெரியவர்கள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அதை அவர்கள் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். நீண்ட தூரம் காரில் போகும்போது நம் அம்மாக்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள். பாத்ரூமுக்கு நிறுத்தச் சொல்ல வேண்டுமே, மருமகன் முன்னால் எத்தனை தடவை கேட்பது, எல்லோருக்கும் நேரமாகுமே என்ற கூச்சம். என் அம்மா காலையிலிருந்து மதியம் வரை அரை டம்ளர் தண்ணீரோடு உட்கார்ந்து வந்திருக்கிறார். அது எனக்குத் தெரிந்ததே வருடங்கள் கழித்துத்தான். சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சாப்பிடுகிற எழுபது வயது உடம்பு அது. உங்கள் தாளில் ஐந்து இடம் இருந்தால் உங்கள் அம்மா தண்ணீர் குடிக்க மாட்டார். ஓர் இடம் இருந்தால் குடிப்பார். என் வேண்டுகோளுக்கு இதைவிடப் பெரிய காரணம் என்னிடம் இல்லை.

பெரியவர்கள் வருவதும் பெரும்பாலும் மே மாதம் தொடங்கி அக்டோபர் வரைக்கும்தான். கோடையில் வந்தவர்களைக் கடற்கரைக்கோ சீக்வோயா மரக்காட்டுக்கோ கூட்டிப்போங்கள். அந்த மரங்களின் அடியில் நிழல் இருக்கிறது. பாலையைக் காட்ட ஆசையிருந்தால் அடுத்த முறை நவம்பரில் வரச் சொல்லுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை டெத் வேலியில் பகல் இதமாக இருக்கும், ராத்திரிக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

அந்த நிலத்தின் சார்பாகவும் ஒரு குறை சொல்ல வேண்டியிருக்கிறது. யூட்டாவில் ஆர்ச்சஸ் பக்கம் போனால் மண்ணின் மேல் கறுப்பாக, கருகிய தோசை ஓரம்போல ஒரு பொருக்கு படிந்திருக்கும். குனிந்து கிட்டத்தில் பார்த்தால் குட்டிக் குட்டிக் கோபுரங்களாக எழும்பி நிற்கும். அது வெறும் மண் அல்ல, உயிர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பாசியும் இழை இழையாக மண்ணைக் கட்டிவைத்திருக்கின்றன. காற்றில் மண் பறக்காமல் இருப்பதும், ஒரு விதைக்கு அங்கே சத்து கிடைப்பதும் அதனால்தான். ஒரு படத்துக்காகப் பாதையை விட்டுப் பத்து அடி நடந்தால் அது நொறுங்கும். மறுபடி படியப் பல பத்து ஆண்டுகள் ஆகும். பேட்வாட்டரில் ஈரம் காயாத சேற்றில் பதியும் கால்தடமும் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஜோஷுவா மரக் கிளையில் பிள்ளையை ஏற்றி உட்கார வைத்துப் படம் எடுப்பதை நம்மவர்களே செய்யப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகளைவிட மூத்த கிளை அது, இன்னும் தெளிவாகச் சொன்னால் உங்களைவிட மூத்த மரம். உங்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று தெரியும். அவசரம்தான். பதினைந்து நிமிஷத்தில் படத்தை எடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டியவருக்குக் காலடியைப் பார்க்க நேரம் ஏது?

ஆக, நான் கேட்பது இதுதான். பே ஏரியாவில் இருப்பவர்கள் நான்கு நாளையும் டெத் வேலிக்கே கொடுங்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று போனாலும் நடுவில் இரண்டு முழு நாள் மிஞ்சும். ஃபர்னஸ் க்ரீக்கிலோ ஸ்டவ்பைப் வெல்ஸிலோ அறை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் நெவாடா எல்லையில் பீட்டி என்ற சின்ன ஊர் இருக்கிறது, முக்கால் மணி நேர ஓட்டம்தான். விடிகாலை ஓர் இடம், சாயங்காலம் ஓர் இடம், அவ்வளவுதான். மதியம் எல்லோரும் படுத்துத் தூங்குங்கள். நடக்க முடியாத பெரியவர்களை டான்டீஸ் வியூவுக்குக் கூட்டிப்போங்கள். கார் உச்சி வரைக்கும் போகும். பேட்வாட்டர் உப்பு முழுவதும் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் கீழே விரிந்து கிடப்பதை நாற்காலியில் உட்கார்ந்தே பார்க்கலாம். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருப்பவர்களுக்கு ஜோஷுவா ட்ரீ இரண்டரை மணி நேரம். ட்வென்டிநைன் பாம்ஸில் தங்குங்கள். அந்தப் பூங்காவுக்குள் பெட்ரோலும் கிடைக்காது, சாப்பாடும் கிடைக்காது. புளிச்சோறும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, டேங்கை நிரப்பிக்கொண்டு போங்கள். தண்ணீர், குளிர்காலமானாலும், ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர். வரைபடத்தை வீட்டிலேயே போனில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், அங்கே பல இடங்களில் சிக்னல் வராது. ஜிபிஎஸ் மண் ரோட்டுக்குள் திரும்பச் சொன்னால் திரும்பாதீர்கள். 2009 ஆகஸ்டில் அப்படிப் போன ஒரு தாயும் மகனும் மணலில் புதைந்த வண்டியோடு ஐந்து நாள் சிக்கிக்கொண்டார்கள். தாய் பிழைத்தார், மகன் பிழைக்கவில்லை.

"சயான் பார்க்கலியா? பிரைஸ் பார்க்கலியா?" என்று திங்கட்கிழமை ஆபீஸில் யாராவது கேட்பார்கள். பார்க்கவில்லை என்று சொல்லுங்கள். அடுத்த வருடமும் அவை அங்கேதான் இருக்கும். உங்கள் அப்பா அடுத்த வருடம் விமானம் ஏறுவாரா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்றைக்கு ராத்திரி அந்த எக்செல் தாளைத் திறந்து மூன்று வரிகளை அழித்துவிடுங்கள். லாஸ் வேகஸ் அறையை ரத்து செய்துவிட்டு, பூங்காவுக்குள் மூன்று ராத்திரிக்கு இடம் போடுங்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு அங்கே அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். உங்களோடு வரும் பெரியவர் உப்புத்தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஏதாவது கேட்டால், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஃப்ரீமாண்டிலிருந்து உங்களில் ஒருவன்